சளி, இருமல், தொண்டைவலி: ஆன்டிபயாடிக் இன்றே எழுதுவதா, காத்திருப்பதா?

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சென்னையின் மாலை நேர கிளினிக்குகளில் காத்திருக்கும் பெரும்பாலோருக்கு ஒரே தொல்லைதான். இரண்டு நாளாக ஜுரம், மூக்கொழுகல், தொண்டைவலி, இருமல். ஒருவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம் போல. அது முடியும்போது சீட்டில் ஆன்டிபயாடிக் பெயர் ஏறுகிறதா இல்லையா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குடும்ப மருத்துவர்களை மனதில் வைத்து எழுதியது; நோயாளியின் வீட்டாரும் படித்தால் நல்லது.

எதிரே இருப்பது வைரஸ் தொற்று என்று பெரும்பாலான மருத்துவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறார்கள் என்றால், இவரை மறுபடி பார்ப்போமா என்ற நிச்சயம் இல்லாததே முக்கியக் காரணம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர் சம்பளம் போகுமே என்று நாளைக்கு வரமாட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்த தாய் மறுநாள் வேறு டாக்டரிடம் போய்விடலாம். அந்தப் பயத்துக்கு ஒரு காப்பாகத்தான் ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. ஆகவே எந்த மருந்து என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: என் கணிப்பு தவறாகப் போனால் அது எனக்கு எப்போது, யார் மூலம் தெரியவரும்? ஆன்டிபயாடிக் இல்லாமல் அனுப்புவது, இன்றே எழுதுவது, எழுதி ஆனால் சில நாள் கழித்து வாங்கச் சொல்வது, சோதனை பார்த்து முடிவு செய்வது என்ற நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறோம்.

நோய் தானாக எத்தனை நாள் ஓடும்

இந்தக் கணக்கு கையில் இல்லாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது. காதுவலி சுமார் மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம். தொண்டைவலி ஒரு வாரம். சாதாரண சளி பத்து நாள். சைனஸ் தொல்லை இரண்டரை வாரம். இருமல் மூன்று வாரம். நோயாளிகள் மனதில் எல்லாவற்றுக்கும் மூன்று நாள்தான். நான்காம் நாளும் இருமல் இருந்தால் "மருந்து கேக்கல டாக்டர்" என்று வந்து நிற்பது இதனால்தான். முதல் நாளே "ஜுரம் மூணு நாள்ல விட்டுடும், இருமல் மூணு வாரம் வரைக்கும் இழுக்கும்" என்று சொல்லிவிட்டால், திரும்பி வருவோரில் ஒரு பகுதி குறையும். எச்3என்2 என்ற ஃப்ளூ காய்ச்சல் பரவிய 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கம் விடுத்த அறிவிப்பும் இதையே சொன்னது: ஜுரம் மூன்று நாளில் போகும், இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம், அசித்ரோமைசினையும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டையும் தேவையில்லாமல் எடுக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் இந்த நாட்களை எவ்வளவு குறைக்கிறது? தொண்டைவலியில் சராசரியாக 16 மணி நேரம். மூச்சுக்குழல் அழற்சி இருமலில் ஏறத்தாழ அரை நாள். சாதாரண சளியில் பயனே இல்லை. இதற்குக் கொடுக்கும் விலை வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, வாய்ப்புண் மட்டும் இல்லை. ஒரு முறை சாப்பிட்டவர் உடம்பில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் கூடுகின்றன. முதல் மாதம் அது மிக அதிகம். பன்னிரண்டு மாதம் வரை தடம் இருக்கும். அடுத்த வருஷம் அவருக்கே சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வரும்போது இது கணக்கில் வரும். எதிர்ப்புத் தன்மை என்றால் நாட்டுக்கு எப்போதோ வரப்போகும் ஆபத்து என்று பேசுவதைவிட, இதே நோயாளிக்கு ஒரு வருடத்துக்குள் வரும் சிக்கல் என்று சொன்னால் கிளினிக்கில் எடுபடும்.

ஆன்டிபயாடிக் இல்லாமல் அனுப்புவது

மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்திருக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, சாப்பிடுகிறார், நடக்கிறார் என்றால் இதுதான் வழி. பெரும்பாலோர் இந்தக் கூட்டத்தில்தான் வருவார்கள். சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருப்பது முடிவை மாற்றாது. வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்தப் பச்சை நிறத்தைத் தருகிறது. வைரஸ் தொற்றிலும் அது வரும். ஏற்கெனவே சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர் விதிவிலக்கு. அவருக்குச் சளி சீழ் போல மாறி, அதோடு மூச்சிரைப்போ சளியின் அளவோ கூடியிருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

இந்த வழி தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில். "வைரல்தான், ஒண்ணும் இல்ல" என்று சொல்லி வெறும் பாராசிட்டமாலோடு அனுப்பும்போது நோயாளி தன்னைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறார். அன்றிரவே தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் மூன்று மாத்திரை வாங்கிவிடுவார். மாத்திரைக்குப் பதிலாக வேறு மூன்று அவர் கையில் போக வேண்டும்: சோதித்ததைச் சத்தமாகச் சொல்வது, வீட்டில் செய்ய வேண்டியது, திரும்பி வர வேண்டிய அறிகுறி.

முதலாவது எளிது. ஸ்டெத் வைக்கும்போதே "நெஞ்சுல சத்தம் தெளிவா இருக்கும்மா, ஆக்சிஜன் 98 இருக்கு, தொண்டையில சீழ் இல்ல" என்று சொல்லிவிடலாம். கூடுதலாக ஒரு நொடி ஆகாது.

இரண்டாவது, பாராசிட்டமால் அளவு. குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். பெரியவருக்கு 500 அல்லது 650 மி.கி. அதே இடைவெளியில். சளிக்கென்று கடையில் விற்கும் கலவை மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. மழைக்காலத்தில் டெங்கு இல்லை என்று உறுதியாகாத வரை ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் வேண்டாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும்; ஒரு வயதுக்குள் தேன் கூடாது. இருமல் சிரப் விஷயத்தில், மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த பிறகு 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் மறுபடி அறிவுறுத்தியது: இரண்டு வயதுக்குள் தரவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக வேண்டாம். சுக்கு காபி, மிளகு ரசம், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு எல்லாம் இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யட்டும். குழந்தைக்கு மட்டும் கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைக்கக் கூடாது; பாத்திரம் கவிழ்ந்து வெந்து போகும் ஆபத்து அதில் கிடைக்கும் இதத்தைவிடப் பெரிது.

மூன்றாவதுதான் உயிர்நாடி. திரும்பி வர வேண்டிய அறிகுறிகளைத் தமிழில், கையெழுத்தில் அல்லது ரப்பர் ஸ்டாம்பில், சீட்டிலேயே தர வேண்டும். வாயால் சொன்னால் வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும். இப்படி ஒன்று போதும்:

"ஜுரம் 3 நாளுக்கு மேல் இருந்தால் வரவும். ஜுரம் விட்டுப் போய் மறுபடி வந்தால் வரவும். மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், குழந்தை பால் குடிக்காவிட்டால், விலா உள்ளே இழுத்தால், தூங்கி வழிந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், வயிறு வலித்தால், எங்காவது ரத்தம் வந்தால் நேரம் பார்க்காமல் வரவும். இருமல் 2 வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை."

வாந்தி, வயிற்றுவலி, ரத்தக் கசிவு மூன்றும் சென்னைக்காகச் சேர்த்தவை. டெங்குவில் ஜுரம் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. சாதாரண இருமலே மூன்று வாரம் இழுக்கலாம் என்றாலும், இருமல் பற்றிய கடைசி வரி காசநோயைத் தவறவிடாமல் இருப்பதற்காக. அதற்குப் பின்னால் வருவோம்.

இன்றே எழுத வேண்டியவர்கள்

எண்ணிக்கையில் இவர்கள் குறைவு, ஆனால் தவறவிடக் கூடாதவர்கள். நிமோனியா முதலில். அதைப் பிடிக்க எக்ஸ்ரே வரும் வரை காத்திருக்க வேண்டாம், மூச்சை எண்ணினால் போதும், ஆனால் முழு ஒரு நிமிடம், குழந்தை அழாமல் தாய் மடியில் இருக்கும்போது. இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டிலிருந்து பதினொரு மாதம் வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கமாகிவிட்டது. குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது என்பதால் அந்தக் கணக்கு எளிதில் பிசகும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேக மூச்சு இருந்தால் சீட்டு எழுதிக்கொண்டிருக்காமல் எழும்பூர் போன்ற குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பெரியவர்களில் குழப்பம், நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, 90க்குக் கீழே மேல் ரத்த அழுத்தம் அல்லது 60ம் அதற்குக் கீழும் கீழ் அழுத்தம், 65 அல்லது அதற்கு மேல் வயது என்ற நான்கையும் பார்க்க வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம். வயது மட்டும் காரணமாக ஒன்று வந்தால் மற்றவற்றைப் பார்த்து முடிவு செய்யலாம். இரண்டு இருந்தால் மருத்துவமனை. ஆக்சிஜன் 94க்குக் கீழ் போனாலும் அதேதான்.

அடுத்தது தொண்டை. நான்கு கேள்விகள்: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஜுரமா, டான்சிலில் சீழ்ப்படலமா, கழுத்தின் முன்பக்க நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறதா, இருமல் இல்லாமல் இருக்கிறதா. ஒவ்வொரு ஆமாவுக்கும் ஒரு மதிப்பெண். 3 முதல் 14 வயதுக்கு ஒன்று கூட்ட வேண்டும், 45 வயதும் அதற்கு மேலும் ஒன்று கழிக்க வேண்டும். ஒன்றோ அதற்குக் கீழோ என்றால் ஸ்ட்ரெப் (தொண்டையைத் தாக்கும் பாக்டீரியா) தொற்றுக்கு வாய்ப்பு குறைவு. நான்கு வந்தாலும்கூட ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் ஸ்ட்ரெப் இருக்கும். ஆனாலும் நம் ஊரில் ஸ்ட்ரெப் தொண்டைக்குப் பின் வரும் ருமாட்டிக் ஜுரத்தால் இதய வால்வு கெடும் ருமாட்டிக் இதய நோய் இன்னும் போகவில்லை என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்த மதிப்பெண்ணில் எழுதுவதே சரி. இதில் பலர் கவனிக்காத நிம்மதி ஒன்று உண்டு. தொண்டைவலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால் ருமாட்டிக் ஜுரத்தைத் தடுக்க முடியும். இரண்டு, மூன்று மதிப்பெண் வந்த குழந்தையை இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கலாம், வாசல் மூடிவிடாது.

இரண்டு வயதுக்குள் இரண்டு காதும் சிவந்து புடைத்திருப்பது, எந்த வயதிலும் காதில் சீழ் வடிவது, பத்து நாள் தாண்டியும் கொஞ்சமும் இறங்காத சைனஸ் தொல்லை, சரியாகிக்கொண்டிருந்து மறுபடி முற்றுவது, இவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

சேராத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரவில் இருமல், விசில் சத்தம், மாதம் ஒருமுறை "நெஞ்சு சளி" என்று வரும் குழந்தைக்குப் பெரும்பாலும் இருப்பது ஆஸ்துமா. அந்தக் குழந்தையின் ஃபைலைப் புரட்டினால் வருஷத்துக்கு ஆறேழு கோர்ஸ் ஆன்டிபயாடிக் ஏறியிருக்கும். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்து சால்புட்டமால் இன்ஹேலர் கொடுத்துப் பார்த்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் விசில் குறைவதைத் தாயே கேட்பார். "பம்பு பழகிடும்" என்ற பயத்தை அந்த அறையிலேயே போக்க வேண்டும். ஆன்டிபயாடிக் வீணாகும் இடங்களில் சரிசெய்ய மிக எளிதான இடம் இது என்பது எங்கள் கருத்து.

எழுதி, பிறகு வாங்கச் சொல்வது

நோயாளியிடம் சீட்டைத் தந்துவிட்டு, குறித்த நாளுக்குள் சரியாகாவிட்டால் மட்டும் வாங்கச் சொல்வது பிரிட்டனில் நன்கு சோதிக்கப்பட்ட முறை. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பின்படி, உடனே எழுதியபோது 93 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்கள். தள்ளிவைத்தபோது 31 சதவீதம். எழுதாமலே அனுப்பியபோது 14 சதவீதம். நோயாளிகளின் திருப்தியில் உடனே எழுதியதற்கும் தள்ளிவைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த எண்களை அப்படியே சென்னைக்கு இறக்கிவிட முடியாது. அங்கே சீட்டு இல்லாமல் கடையில் மருந்து கிடைக்காது. இங்கே அமாக்ஸிசிலினும் அசித்ரோமைசினும் ஷெட்யூல் எச் மருந்துகள், சீட்டு கட்டாயம் என்பது சட்டம், நடைமுறை வேறு. செஃபிக்ஸைம், லெவோஃப்ளாக்சசின் போன்றவை 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்1இல் இருக்கின்றன. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவர், நோயாளி பெயரோடு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அப்படியும் பழைய சீட்டைக் காட்டி வாங்குவது நடக்கிறது. கிளினிக்கை ஒட்டியே மருந்துக்கடை இருந்தால், கையில் கொடுத்த சீட்டு அடுத்த ஐந்தாவது நிமிடமே மாத்திரையாக மாறிவிடும். "அப்புறம் வாங்குங்க" என்ற வரியைக் கவுன்டரில் யாரும் படிப்பதில்லை. வாங்கி வைத்த மிச்ச மாத்திரை வீட்டு டப்பாவில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அக்காவின் இருமலுக்கும் போகும்.

ஆகவே இந்த முறையை இங்கே குறுக்கித்தான் பயன்படுத்த வேண்டும். சீட்டைக் கையில் தராமல் கிளினிக் ரிசப்ஷனில் பெயரும் தேதியும் போட்டு வைக்கலாம். மூன்றாம் நாள் நோயாளி போன் செய்தால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். கேள்விகள்: ஜுரம் இன்னும் இருக்கிறதா, மூச்சு எப்படி? ஜுரம் கூடியிருந்தால் சீட்டைத் தரக்கூடாது, நேரில் வரச் சொல்ல வேண்டும். இந்தச் சின்னக் கண்டிப்பு இல்லாவிட்டால் நிமோனியாவையும் டெங்குவையும் போனிலேயே தவறவிடுவோம்.

யாருக்கு இது பொருந்தும்? இரண்டு, மூன்று மதிப்பெண் தொண்டைவலி உள்ள பெரியவர். இரண்டு வயது தாண்டிய, ஒரு காது மட்டும் சிவந்த, மற்றபடி விளையாடும் குழந்தை. வாரக்கடைசியில் ஊருக்குப் போகிறவர், தன் உடம்பைக் கவனித்துச் சொல்லத் தெரிந்தவர். யாருக்குப் பொருந்தாது? ஐந்து நாளாக ஜுரம் உள்ள யாருக்கும். மழைக்காலத்தில் ஜுரம் மட்டும் இருந்து சளி, இருமல் இல்லாதவருக்கும். அங்கே தேவைப்படுவது ரத்தப் பரிசோதனை.

சோதனை பார்த்து முடிவு செய்வது

சென்னையில் எந்தத் தெருவிலும் லேப் இருக்கிறது. அதனால் இந்த வழி கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் எதைக் கேட்கிறோம், எந்த நாளில் கேட்கிறோம் என்று பார்க்காவிட்டால், தேவையில்லாத ஆன்டிபயாடிக்குக்குச் சோதனையே காரணமாகிவிடும்.

சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) சோதனை பயனுள்ளது, பெரியவருக்கு இருமலும் ஜுரமும் இருந்து நிமோனியாவா இல்லையா என்று தெரியாத நேரத்தில். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனம் 2014இல் சொன்ன எல்லைகள்: லிட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழே ஆன்டிபயாடிக் வேண்டாம், 20 முதல் 100 வரை தள்ளிவைத்த சீட்டைப் பற்றி யோசிக்கலாம், 100க்கு மேல் உடனே தரலாம். இதில் மூன்று பள்ளங்கள் உண்டு. சில லேப்கள் டெசிலிட்டருக்கு எவ்வளவு என்று தருகின்றன. அது பத்து மடங்கு வித்தியாசம். ரிப்போர்ட்டில் 4 என்று இருந்தால் அது உண்மையில் 40 ஆகவும் இருக்கலாம், அலகைப் படித்துவிட்டுத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். ஜுரம் தொடங்கி முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் எடுத்தால் உண்மையான நிமோனியாவிலும் குறைவாகவே வரும். வைரஸ் தொற்றிலும், குறிப்பாக அடினோவைரஸில், கணிசமாக ஏறும். 30, 40 என்று வந்ததைப் பார்த்து "இன்ஃபெக்ஷன் இருக்கு" என்று மருந்து ஏற்றக் கூடாது.

மொத்த வெள்ளணு எண்ணிக்கையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். முந்தின நாள் எங்கோ போட்ட "ஜுர ஊசி"யில் டெக்சாமெத்தசோன் கலந்திருந்தால் வெள்ளணு ஏறியிருக்கும். முன்னால் எங்கே காட்டினார், ஊசி போட்டார்களா என்று கேட்காமல் அந்த ரிப்போர்ட்டுக்குப் பொருளே இல்லை. ஜுரம் மூன்று நாள் தாண்டினால் பார்க்க வேண்டியது பிளேட்லெட்டும் ஹிமடோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு). முதல் ஐந்து நாளுக்குள் என்றால் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை. டைஃபாய்டுக்கென்று எடுக்கும் வைடால் ரத்தச் சோதனை வேண்டவே வேண்டாம். இரண்டாம் நாள் ஜுரத்தில் எடுத்த வைடால் எதையும் நிரூபிக்காது. டைஃபாய்டு சாதாரணமாக இருக்கும் ஊரில் பழைய தொற்றின் சுவடே பாசிட்டிவ் காட்டும், அதன் பேரில் ஒரு கோர்ஸ் செஃபிக்ஸைம் ஏறும். டைஃபாய்டு என்று சந்தேகம் இருந்தால், மருந்து தொடங்குவதற்கு முன்பே பிளட் கல்சர் எடுக்க வேண்டும்.

தொண்டைத் துடைப்பில் செய்யும் ஸ்ட்ரெப் விரைவுச் சோதனை நல்ல கருவி, பெரும்பாலான சிறு கிளினிக்குகளில் இல்லை. மூன்று மதிப்பெண் தொண்டைகள் அதிகம் வரும் குழந்தை மருத்துவர் வாங்கி வைக்கலாம்.

ஆக, கணிப்பு தவறினால் எப்போது தெரியும் என்ற முதல் கேள்விக்குத் திரும்பினால், சோதனை வழியில் ஒரு அனுகூலம் உண்டு: ரிப்போர்ட் வாங்க வருவதால் மறுநாள் நோயாளி நிச்சயம் திரும்புவார். அந்த மறுவருகைக்கு ரிப்போர்ட்டின் எண்ணைவிட மதிப்பு அதிகம். கட்டணம் வாங்காமல் "நாளன்னிக்கு ஒரு நிமிஷம் காட்டிட்டுப் போங்க" என்றால் அதே பலன் செலவில்லாமல் கிடைக்கும்.

எழுதுவது என்று முடிவானால், எது?

எங்கள் விடை அமாக்ஸிசிலின், அதுவும் போதுமான அளவில். மூச்சுத் தொற்றில் நாம் பயப்படும் முக்கியக் கிருமி நிமோனியாவைத் தரும் நியூமோகாக்கஸ். தொண்டையில் குரூப் ஏ ஸ்ட்ரெப். அது பெனிசிலினுக்கு இன்றுவரை கட்டுப்படுகிறது. இரண்டுக்கும் அமாக்ஸிசிலின் போதும்.

அசித்ரோமைசின் பிரபலமானதற்குக் காரணம் ஒரு நாளுக்கு ஒன்று, மூன்று மாத்திரை, வேலை முடிந்தது என்ற வசதி. அந்த வசதியே பிரச்சினையும். உடம்பில் அதன் பாதி குறைய ஏறத்தாழ 68 மணி நேரம் ஆகும். கோர்ஸ் முடிந்த பிறகும் நாள்கணக்கில் கிருமியைக் கொல்லாத மெல்லிய அளவில் அது தங்கியிருக்கும். எதிர்ப்பு வளர அதைவிட நல்ல சூழல் இல்லை. ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்கள் தொண்டையில் எதிர்ப்புள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆறு மாதம் வரை தங்கியது. இதயத் துடிப்பின் க்யூ.டி. இடைவெளியையும் (ஈ.சி.ஜி.யில் தெரியும்; மிகவும் நீண்டால் துடிப்பு தாறுமாறாகலாம்) நீட்டும், இதய மருந்து சாப்பிடும் முதியவருக்குக் கவனம் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, டைஃபாய்டுக்கு வாய்வழியாகத் தர நம்மிடம் மிஞ்சியிருப்பது முக்கியமாக அசித்ரோமைசினும் செஃபிக்ஸைமும்தான். சிப்ரோஃப்ளாக்சசின் அந்த வேலைக்குப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. இருமலுக்கு அவற்றைச் செலவழித்தால் டைஃபாய்டுக்கு ஊசிதான். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை அக்சஸ் (முதலில் எடுப்பவை), வாட்ச் (எதிர்ப்பு வளரும் ஆபத்து அதிகம் என்பதால் அளந்து எடுப்பவை), ரிசர்வ் (கடைசிக்கு வைப்பவை) என்று பிரித்தபோது அமாக்ஸிசிலினை அக்சஸிலும், அசித்ரோமைசின், செஃபிக்ஸைம், லெவோஃப்ளாக்சசின் மூன்றையும் வாட்சிலும் வைத்தது.

"625" என்று எல்லோரும் கேட்கும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, அது அமாக்ஸிசிலினைவிட "பவர்" என்று. கிளாவுலனேட் தடுப்பது, சில கிருமிகள் மருந்தைச் சிதைக்க உண்டாக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை. நியூமோகாக்கஸ் அந்த நொதியை உண்டாக்குவதே இல்லை. அதன் எதிர்ப்பு வேறு வழியில் வருகிறது, மருந்தின் அளவை ஏற்றித்தான் அதை மீற முடியும். 625இல் இருப்பது 500 மி.கி. அமாக்ஸிசிலின்தான். அதைக் காலை, மாலை என்று இரண்டு வேளை எழுதினால் நாளுக்கு 1 கிராம். மூன்று வேளை 500 அமாக்ஸிசிலினைவிடக் குறைவு. கூடுதலாகக் கிடைப்பது வயிற்றுப்போக்கு. அமாக்ஸிசிலினில் தேறாத காது, சைனஸ் தொற்று, சி.ஓ.பி.டி. முற்றல் போன்றவற்றுக்கு அது இருக்கட்டும்.

லெவோஃப்ளாக்சசினை இருமலுக்கு எழுதவே கூடாது என்போம். அது காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். ஒரு வாரம் இருமலும் ஜுரமும் தணிந்தது போல் இருக்கும், சளிப் பரிசோதனை நெகட்டிவ் வரலாம், நோய் கண்டுபிடிப்பு தள்ளிப்போகும், வீட்டில் மற்றவருக்கும் பரவும். வீட்டிலேயே வைத்து காசநோய்க்கு வைத்தியம் பார்க்கலாம் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது நம் சேத்துப்பட்டு ஆய்வு மையம். அந்த ஊரில் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு இரண்டாவது ஆன்டிபயாடிக் எழுதப்படுவது வருத்தமான விஷயம். மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக சளிப் பரிசோதனை இலவசம்.

அமாக்ஸிசிலின் அளவுகள்: பெரியவருக்கு நிமோனியாவில் 1 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து நாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2022 வழிகாட்டியும் சமூகத்தில் வரும் நிமோனியாவுக்கு ஐந்து நாள் என்றே சொல்கிறது. ஏழு, பத்து என்று நீட்ட வேண்டாம். ஸ்ட்ரெப் தொண்டைக்கு 500 மி.கி. இரண்டு வேளை, இங்கே மட்டும் பத்து நாள் முழுதாக. மூன்றாம் நாளே தொண்டை சரியாகிவிடும் என்பதால் மீதியை விட்டுவிடுவார்கள். "மீதி ஏழு நாள் தொண்டைக்கு இல்ல, குழந்தையோட ஹார்ட்டுக்கு" என்று சொன்னால் தாய் விடமாட்டார். அமாக்ஸிசிலின் சாப்பிட்டதும் உடம்பெங்கும் தடிப்பு வந்தால் சுரப்பிக் காய்ச்சல் (நெறி கட்டித் தொண்டை வலிக்கும் ஒரு வைரஸ் தொற்று) இருந்ததா என்று பார்க்க வேண்டும். எல்லாத் தடிப்பும் அலர்ஜி இல்லை. உண்மையான பெனிசிலின் அலர்ஜியில் பெரியவருக்கு நிமோனியா என்றால் டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இரண்டு வேளை. ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு பூச்சிக் கடியால் வரும் ஜுரம்) சந்தேகத்துக்கும் அது உதவும்.

குழந்தை அளவில்தான் பெரிய ஓட்டை. 12 கிலோ குழந்தைக்கு நிமோனியா. தேவை ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 40 மி.கி., இரண்டு வேளை. அதாவது வேளைக்கு ஏறத்தாழ 500 மி.கி. வழக்கமாக எழுதுவது 125 சிரப், 5 மில்லி, இரண்டு வேளை. தேவையில் கால் பங்கு! கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். பிறகு "அமாக்ஸிசிலின் கேக்கல" என்று வாட்ச் மருந்துக்குத் தாவுவோம். சிரப்பில் வேறு தொல்லைகளும் உண்டு: கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டில் கோடு வரை ஊற்றாமல் விடுவது, சமையல் ஸ்பூனில் அளப்பது, 30 மில்லி பாட்டில் தீர்ந்ததும் அதோடு நிறுத்திவிடுவது. 250 மி.கி. கரையும் மாத்திரை இந்த எல்லாவற்றையும் தீர்க்கிறது. 4 முதல் 10 கிலோவுக்குள் ஒன்று, 10 முதல் 14 கிலோவுக்குள் இரண்டு, 14 முதல் 19 வரை மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு வேளை, ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து. டிடி என்று கேட்டால் கடையில் தெரியும்.

தேறாவிட்டால்

48 முதல் 72 மணி நேரத்தில் ஜுரம் இறங்காவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன் நோயாளியை முழுதாக மறுபடி பார்க்க வேண்டும். மருந்து உள்ளே போனதா, வாந்தியாகிவிட்டதா, அளவு சரிதானா என்பது முதலில். பிறகு டெங்கு, காசநோய், ஆஸ்துமா, நெஞ்சுக்கூட்டில் நீர் அல்லது சீழ். இந்த நான்கையும் ஒதுக்காமல் அமாக்ஸிசிலினிலிருந்து செஃபிக்ஸைமுக்கும் அங்கிருந்து ஊசிக்கும் ஏறிப்போவது நாட்களை வீணாக்கும்.

ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் எழுதுங்கள் என்று மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. சென்னையில் அதற்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. நோயாளி அடுத்து வேளச்சேரியில் வேறு டாக்டரிடம் போனாலும், "நிமோனியா, வலது கீழ், மூச்சு 28, அமாக்ஸிசிலின் 1 கிராம், இன்று முதல் நாள்" என்ற ஒரு வரி கூடவே போகும். எழுதாமல் அனுப்பியவருக்கும் "மூச்சு 18, ஆக்சிஜன் 98, நெஞ்சு தெளிவு, இன்று ஜுரம் இரண்டாம் நாள்" என்று எழுதித் தந்தால், மூன்று நாள் கழித்துப் பார்ப்பவருக்கு எது மாறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.